சொட்டுக் கணக்கு

2023 யூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், கந்தோர் விறாந்தையில் நின்றுகொண்டு, எங்கள் படகு எஞ்சினைத் திருத்தும் பெடியனுக்குத் தொலைபேசி எடுத்து ஏசினேன். "மூண்டு தரம் கழட்டினாய். மூண்டு தரமும் காசு வாங்கினாய். எஞ்சின் கிடந்த மாதிரியேதான் கிடக்கு. உதுக்கு என்ன பேர் எண்டு உனக்கே தெரியும்." அதுவரை 'நீர்' என்று கதைத்து வந்தவன் அன்றைக்கு 'நீ'க்கு இறங்கியிருந்தேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "அண்ணை, என்ரை ட்ரம்மிலை ஓடுதுதானே. நீங்களும் நிண்டு பாத்தனீங்கள்தானே" என்றான். உண்மைதான், நின்று பார்த்தேன். தண்ணீர் நிரப்பிய ட்ரம்முக்குள் காலை விட்டபடி அந்த எஞ்சின் அரை மணித்தியாலம் ஒரு பிசிறில்லாமல் ஓடியது. அதை நானே கண்டிருந்ததுதான் கோபத்தைக் கூட்டியது என்று இப்போது நினைக்கிறேன். கராஜில் நல்ல பிள்ளை, கடலுக்குக் கொண்டுபோனால் பேய் பிடிக்கிறது. இப்படி ஒரு பொருள் நடந்துகொண்டால் இடையில் யாரோ ஏமாற்றுகிறான் என்றுதான் மனம் போகும். எனக்கும் போனது.

அந்த அழைப்புக்கு ஐந்து நாள் கழித்து விஷயம் பிடிபட்டது. எஞ்சின் சுகமாகிவிட்டது. அது பிடிபட்ட விதமும், அதற்கு முன் நான் போட்ட கணக்குகளும்தான் இன்னும் சுகமாகவில்லை.

படகு 18 அடி பைபர். காசு என்னுடையது, தொழில் மச்சானுடையது. பின்னால் பூட்டியிருப்பது 15 குதிரை வலுவுள்ள மண்ணெண்ணெய் எஞ்சின். இரண்டு சிலிண்டர், ஒரு காபரேற்றர், ரூ ஸ்ற்றோக். மீன்பிடிப் படிவங்களில் இதற்கு 'வெளியிணைப்பு இயந்திரம்' என்று பெயர். கரையில் அப்படிச் சொன்னால் ஏதோ கலியாணப் பேச்சு என்று நினைப்பார்கள். மண்ணெண்ணெய் எஞ்சினின் பழக்கவழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கதை முழுக்க அதில்தான் தொங்குகிறது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. ஆகவே சின்னக் கான் ஒன்றில் பெற்றோல் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய ரியூப் எஞ்சினருகே உள்ள கொக்குக்கு, அதாவது எண்ணெய் வழியை மாற்றுகிற திருகுக்கு, வரும். பெற்றோலில் இழுத்துத் தொடக்கி, சூடேறியதும் கொக்கைத் திருப்பினால் 25 லீற்றர்த் தாங்கியிலிருந்து மண்ணெண்ணெய் வரத் தொடங்கும். கரைக்குத் திரும்பும்போது நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிடவேண்டும். அப்போதுதான் காபரேற்றருக்குள் பெற்றோல் நிற்கும், அடுத்த நாள் ஒரே இழுவையில் பிடிக்கும். பெற்றோலின் வேலை அவ்வளவுதான். தொடக்கம், முடிவு. நடுவில் அதற்கு இடமில்லை.

எங்கள் எஞ்சினின் வருத்தம் இதுதான். துறைமுக வாயைத் தாண்டும்வரை ஒரு குறையுமில்லை. வெளியே வந்து முழு ஸ்பீடுக்குத் திருகினால் இரண்டு நிமிடம் நன்றாக ஓடும். பிறகு யாரோ தொண்டையைப் பிடித்தமாதிரி மூச்சு இறங்கும், படகின் முன்பக்கமான அணியம் தாழும். பாதிக்குக் குறைத்தால் தேறிக்கொள்ளும். பிடிவாதமாக முழுக்க வைத்திருந்தால் நின்றே போகும். நின்றபின் ஒரு சுருட்டுப் பற்றவைக்கிற நேரம் பொறுத்து இழுத்தால், ஒன்றுமே நடக்காததுபோலப் பிடிக்கும். திரும்ப இரண்டு நிமிடம்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காலத்தில் இது விளையாட்டு இல்லை. எங்கள் கரை வடக்குப் பார்த்தது. வடக்கிலிருந்து வரும் வாடைக்கு எஞ்சின் நின்றால் காற்று உங்களைக் கொண்டுவந்து கரையில் போடும், மிஞ்சினால் படகு கல்லில் உரசும். சோளகத்துக்கு நின்றால் அது வீட்டுக்கு எதிர்ப்பக்கம் தள்ளும். காங்கேசன்துறை வெளிச்சம் சின்னதாகிக்கொண்டு போகும். அந்தப் பக்கம் இந்திய எல்லைக்கோடு, அதற்கப்பால் கோடிக்கரை. எல்லை தாண்டியவர்களின் கதை இரண்டு கரையிலும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மூன்று தீர்ப்புகள்

முதல் தரம் எஞ்சினைக் கழட்டி ஓட்டோவில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுபோனபோது பெடியன் முதலில் பிளக்கைத்தான் கழட்டினான். வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நன்றாக எரிகிற எஞ்சினின் பிளக் பிளேன்ரீ நிறத்தில் இருக்கும். இது சுண்ணாம்பு பட்டமாதிரி வெளிறிக் கிடந்தது. "எண்ணெய் காணாது அண்ணை. காத்தைத்தான் எரிக்குது" என்றான். அதில் பிழையே இல்லை. இதை எழுதும்போது அடிக்கோடிட்டுச் சொல்லவேண்டியது அது: அவன் முதல் நாளே நோயைச் சரியாகச் சொல்லிவிட்டான். இன்னொன்றும் சொன்னான், அது என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. ரூ ஸ்ற்றோக்கில் ஒயிலுக்கெனத் தனி வழி கிடையாது. நாங்கள் 50 பங்கு எரிபொருளுக்கு ஒரு பங்கு ஒயில் கலந்து ஊற்றுகிறோம், அந்தக் கலவை போகிற போக்கில்தான் பிஸ்டனும் நனைகிறது. எண்ணெய் குறைந்தால் ஒயிலும் குறையும். எஞ்சின் மூச்சுக்குத் தவிக்கிற அதே நேரம் உள்ளே பிஸ்டன் காய்ந்து சிலிண்டரைப் பிறாண்டத் தொடங்கும். "கன நாள் உப்பிடி ஓடாதேங்கோ, இறுகிப் போடும்" என்றான்.

எண்ணெய் காணாது என்றால் கை முதலில் போகிற இடம் காபரேற்றர். திறந்தான். எண்ணெய் வருகிற பெரிய ஜெற்றின் துளை ஊசிமுனைப் பருமன்தான், அதில் ஒரு தூசி நின்றாலே போதும். கழுவி, காற்றடித்து, மிதவையையும் அதன் ஊசியையும் பார்த்துப் பூட்டி, ட்ரம்முக்குள் இறக்கி ஓட்டினான். நல்ல ஓட்டம். கடலில் அதே கதை.

இரண்டாவது தீர்ப்பு என்னுடையது. மச்சான் ஒரு நாள் வந்து, "கைப்பம்பைப் பிசைஞ்சால் எடுக்குது மச்சான். கரை வரைக்கும் பிசைஞ்சு பிசைஞ்சுதான் வந்தனான்" என்று உள்ளங்கையைக் காட்டினான். சிவந்திருந்தது. தாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரியூப்பில் இருக்கிற ரப்பர்க் குமிழைத்தான் கைப்பம்பு என்கிறோம். அதன் இரு வாயிலும் ஒவ்வொரு வால்வு, இரண்டும் எஞ்சின் பக்கம் மட்டும் திறக்கும். தொடக்க முன் நாலைந்து தரம் அமுக்கினால் காபரேற்றர் நிரம்பிக் குமிழ் கல்லுமாதிரி நிற்கும். பிறகு அதைத் தொடத் தேவையில்லை, எஞ்சினின் சொந்தப் பம்ப் இழுத்துக்கொள்ளும். ஓடும்போது கையால் அமுக்கினால் எஞ்சின் தேறுகிறது என்றால் எஞ்சினின் பம்ப் சோர்ந்துவிட்டது என்று நான் தீர்மானித்தேன். அந்தப் பம்புக்கு மின்சாரம் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் அறைக்குள் எழுகிற அழுத்தத் துடிப்பில் ஒரு மெல்லிய சவ்வு அசைந்து எண்ணெயைத் தள்ளுகிறது. சவ்வு தளர்ந்திருக்கும் என்று கராஜில் போய் வகுப்பெடுத்தேன். பெடியன் கேட்டுக்கொண்டு நின்றான், புதுச் சவ்வு போட்டான். பழையதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அதில் ஒரு ஓட்டையும் இல்லை. அதை நான் கவனித்தேன் என்பதும் கவனிக்காத மாதிரி நின்றேன் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

ட்ரம்மில் ஓடியது. கடலில் நின்றது. மூன்றாம் தரம் காபரேற்றரை மறுபடி திறந்தான்.

மூன்றாவது தீர்ப்பு மண்ணெண்ணெய்க்கு. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியபின், கரையில் எந்த எஞ்சின் நின்றாலும் முதல் பழி எண்ணெய்க்குத்தான். தண்ணி கலக்கிறாங்கள், ஏதோ கலக்கிறாங்கள். வெள்ளைப் போத்தலில் பிடித்து இரவு முழுக்க வைத்துப் பார்த்தேன். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும், ஒன்றும் நிற்கவில்லை. ஆனாலும் எனக்குள் ஒரு சாட்சி இருந்தது: துறைமுகத்துக்குள் பெற்றோலில் ஓடும்போது எஞ்சின் ஒருநாளும் திணறவில்லை. மண்ணெண்ணெய்க்கு மாற்றியபின்தான் திணறல். அப்படியென்றால் மண்ணெண்ணெயில்தானே பிழை? இந்தச் சாட்சியை நான் எவ்வளவு தலைகீழாக வாசித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ரியூப்பையும் சும்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தாங்கியிலிருந்து கைப்பம்பு வரையுள்ள துண்டைக் கழட்டி வாயை வைத்து ஊதினேன். இரு பக்கமிருந்தும் ஊதினேன். காற்று தாராளமாகப் போனது, வாயில் இரண்டு நாளுக்கு மண்ணெண்ணெய் மணந்தது. ரியூப் நல்லது என்று மனதில் கோடு போட்டேன்.

பெரியப்பா வந்த நாள்

பெரியப்பாவுக்கு அப்போது 74 வயது. மயிலிட்டியில் பிறந்து, 1990இல் போரால் எல்லாரையும்போல அங்கிருந்து எழும்பி, துறைமுகம் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்த 2017 யூலை வரைக்கும் 27 வருஷம் அந்தத் தண்ணீரில் கால் வைக்காதவர். அவர் மெக்கானிக் இல்லை. ஆனால் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த எல்லாரும் பாதி மெக்கானிக்தான். பொருளாதாரத் தடையில் பெற்றோல் என்பது தெருவோரத்தில் சின்னப் போத்தலில் விற்கிற சாமான். வண்டி ஓடுவது மண்ணெண்ணெயில், தொடக்குவதற்கு மட்டும் பெற்றோல். எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் அவர் குந்தியிருந்து காபரேற்றர் வாயில் பெற்றோல் விடுவார், எண்ணுவது என் வேலை. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. "போதும்" என்று போத்தலை நிமிர்த்தி, மூடியை இறுக்கி, சட்டைப் பையில் வைத்துவிட்டுத்தான் உதைப்பார். பிடிக்காவிட்டால் அந்த நாலு சொட்டும் வீண் என்பதால் உதைப்பதற்கு முன் முகத்தில் ஒரு இறுக்கம் வரும். வெள்ளைப் புகை முற்றமெல்லாம் நிற்கும். எனக்குப் பெற்றோல் என்றால் இன்றைக்கும் அந்த அளவுதான்.

அந்த ஞாயிறு அவர் தானாகத்தான் வந்து ஏறினார். எஞ்சின் பார்க்க இல்லை, கடல் பார்க்க. மச்சானும் நானும் எஞ்சினை ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டிருந்தோம், நாலு மைல் போகிற யோசனை. இரண்டு மைலில் தொண்டை அடைத்தது. மச்சான் பழக்கமாகக் குனிந்து கைப்பம்பைப் பிசையத் தொடங்கினான். நான் பழக்கமாக ஆயுதப் பெட்டியை இழுத்தேன்.

"உதை விடு மோனை. ஏன் எஞ்சினைக் கழட்டப் போறாய்? பெற்றோல் எவ்வளவு கிடக்கு?"

"ரெண்டு லீற்றர் கிடக்கும்."

"ஒயில் கலந்ததுதானே?"

"ஓம்."

"பெற்றோலுக்கு மாத்து. முழுக்கத் திருகு."

நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. "மாமா, அது தொடக்கிறதுக்கு வச்சிருக்கிறது" என்றான் மச்சான், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "தெரியும். எரி" என்றார்.

மச்சான் கொக்கைத் திருப்பி, எஞ்சினை இழுத்து, கைபிடியை முழுக்கத் திருகினான். அணியம் எழும்பியது. ஒரு நிமிடம். இரண்டு. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பெரியப்பா கானைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நிமிடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், எஞ்சினுக்கு மூச்சு இறங்கவில்லை. நாலு, ஐந்து. தண்ணீர் முகத்தில் அடித்தது. கானுக்குள் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. இந்த எஞ்சின் முழு ஓட்டத்தில் மணிக்கு ஆறு ஏழு லீற்றர் குடிக்கும், ஆறு நிமிடத்துக்கு அரை லீற்றருக்குமேல். எத்தனை ஆயிரம் சொட்டு! கடைசியில் அவரே கையை அசைத்துப் போதும் என்றார்.

அந்த ஆறு நிமிடத்தில் மூன்று மாதக் கணக்கு முடிந்துபோனது. கொக்குக்குப் பிறகு பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஒரே வழிதான்: அதே பம்ப், அதே மிதவை, அதே ஜெற், அதே பிளக். பெற்றோலில் முழு வேகத்தில் ஆறு நிமிடம் ஓடுகிறது என்றால் அதில் ஒன்றுக்கும் நோய் இல்லை. பெடியன் திறந்து மூடியது எல்லாம் நல்ல பொருள்கள். கொக்குக்கு முன்னால் கிடக்கிறது மட்டும்தான் மிச்சம், தாங்கி, ரியூப், கைப்பம்பு, எண்ணெயை வடிக்கிற வடி. கராஜில் ஏன் எப்போதும் ஓடியது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவன் தன் சொந்தக் கானில் தன் சொந்த ரியூப்பில் ஓட்டினான். நாங்கள் கொண்டுபோனது எஞ்சினை மட்டும். போதாததற்கு ட்ரம்முக்குள் பாரமில்லாமல் ஓடுகிற எஞ்சின் குடிக்கிறது கடலில் குடிப்பதில் சிறு பங்கு. நோயாளியைக் கூட்டிப்போகாமல் அவன் சட்டையைக் கொண்டுபோய் வைத்தியம் செய்திருக்கிறோம்.

பெரியப்பா முடிக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு மாற்றச் சொல்லிவிட்டு என் கையில் கைப்பம்பைத் தந்தார். "பிசையாதை. சும்மா பிடிச்சுக்கொண்டிரு. என்ன செய்யுது எண்டு சொல்லு." முதலில் கல்லுமாதிரி இருந்தது. முழு வேகம் பிடித்து ஒரு நிமிடம் ஆக, விரலுக்கடியில் இளகியது. பிறகு மெதுவாக, பல்லுப் போன ஆச்சியின் கன்னம்போல, உள்ளே குழிந்தது. குழிந்து தட்டையாகி ஒட்டிக்கொண்ட அந்தக் கணம் எஞ்சின் மூச்சு இறங்கியது.

மூன்று மாதமாக நாங்கள் அதைப் பிசைந்துகொண்டே இருந்தோம், ஒரு நாளும் பார்க்கவில்லை. பிசைகிற கை அதை மூடியிருந்தது. என் பம்ப் தீர்ப்பு எங்கே சறுக்கியது என்றும் அதில் தெரிந்தது. பம்ப் சோர்ந்திருந்தாலும் பிசைந்தால் எஞ்சின் தேறும், பின்னால் வழி அடைத்திருந்தாலும் பிசைந்தால் கொஞ்சம் தேறும். எஞ்சினின் சத்தத்தை மட்டும் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். குமிழைப் பார்த்தால் வேறு: பம்ப் இழுக்காவிட்டால் குமிழ் நிறைந்தபடியே நிற்கும், எஞ்சின் இழுத்தும் பின்னாலிருந்து வராவிட்டால்தான் அது சப்பும்.

பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. தாங்கி மூடியின் காற்றுத் திருகாணியைப் பார்த்தோம், திறந்துதான் இருந்தது. எண்ணெய் வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் தாங்கி தானே பிடித்துவைத்துக்கொள்ளும், அது பழைய பிழை. மூடியையே கழட்டி வைத்தோம், குமிழ் அப்போதும் சப்பியது. தாங்கியின் வாய்ப்பொருத்திலிருந்து ரியூப்பை இழுத்தெடுத்து அதன் நுனியை மூடி வாய்க்குள்ளால் நேரே எண்ணெய்க்குள் விட்டோம். தாங்கிக்குள் இருக்கிற குழாயும் வடியும் இப்போது வழியில் இல்லை. சப்பியது. இனி மிஞ்சியது நான் ஊதிப் பார்த்து நல்லது என்று கோடு போட்ட அந்த ஒன்றரை முழ ரியூப்.

எஞ்சின் பக்கத்து ரியூப் தேவைக்குமேல் நீளம். மச்சான் வலை வெட்டுகிற கத்தியால் அதில் ஒரு துண்டை நறுக்கி அந்த இடத்தில் பூட்டினான். கரைவரை முழு வேகத்தில் வந்தோம். குமிழை நான் கையில் இருந்து விடவில்லை, அது கல்லாகவே இருந்தது. பெரியப்பா அணியத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தான் பார்க்க வந்ததைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊதினால் திறக்கும்

கரையில் அந்தத் துண்டை நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். வெளியே ஒரு வெடிப்பில்லை, வளைவில்லை, புதுசுமாதிரி. உள்ளே இரண்டு தோல். உள்தோல் பொருத்தில் ஏற்றியிருந்த நுனியிலிருந்து கழன்று, ஊறித் தடித்து, நாக்குமாதிரி நடுவில் கிடந்தது. 2022இல் வாங்கினது அது. சாமான் வராத வருஷம். நல்ல ரியூப் எங்குமில்லை, இருந்தால் விலை கேட்க ஏலாது. பார்க்க அதேமாதிரி, கறுப்பாக, அதே பருமனில் ஒன்று கிடைத்தது, நான்தான் வாங்கினேன். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்று பிடிக்கிற ரப்பர் வேறு. சாதாரண ரப்பர் அதை உறிஞ்சி ஊதும். கிளிப்பையும் திருகாணி கதறக் கதற இறுக்கியிருந்தேன். வெட்டிய முனையால் எண்ணெய் இரண்டு தோலுக்கும் நடுவில் புகுந்து ஒட்டைப் பிரித்திருக்கிறது.

துண்டைக் கீறுவதற்கு முன் இன்னொரு தரம் ஊதினேன். தாராளமாகப் போனது. பிறகு வாயை வைத்து உறிஞ்சினேன். இளநீர்க் குழாயில் வழுக்கை சிக்கினமாதிரி டப்பென்று அடைத்துக்கொண்டது. ஊதும்போது காற்று உள்தோலைச் சுவரோடு தள்ளிவிடுகிறது. எஞ்சின் ஊதுவதில்லை, உறிஞ்சுகிறது. மெதுவாக உறிஞ்சினால் ஓரத்தால் கசிந்து வரும், அதுதான் துறைமுகத்துக்குள் ஓட்டம். பலமாக உறிஞ்சினால் தோல் மடிந்து மூடும், அதுதான் வெளிக்கடல். நிறுத்தினால் தோல் திரும்ப விரியும், அதுதான் சுருட்டு நேரம். மூன்று மாதப் பேய் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கரையில் யாருடைய எஞ்சின் நின்றாலும் போய்க் குமிழைப் பார்ப்பேன். ஒரு நாள் பக்கத்துப் படகில் எத்தனை அமுக்கினாலும் குமிழ் இறுகவே இல்லை. அது வேறு சாதி. எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது வால்வு பிடிக்கவில்லை. எஞ்சினில் செருகுகிற பொருத்தின் ரப்பர் வளையம் நைந்திருந்தது. வளையம் மோதிரத்தைவிடச் சின்னது. அவர்களும் அதற்கு முதல் நாள் காபரேற்றரைத்தான் கழட்டியிருந்தார்கள்.

ரியூப் கதையை நான் கரையில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், எல்லாரும் தலையாட்டிக் கேட்பார்கள். சொல்லாமல் விட்டது பெற்றோல் பகுதி. அந்தச் சோதனை எனக்கு ஏன் தோன்றவில்லை? அறிவு குறைவால் இல்லை. கொக்கின் படத்தை என்னால் கண்ணை மூடிக்கொண்டு கீறமுடியும். பெற்றோலை முழு வேகத்தில் எரிப்பது என்கிற எண்ணமே எனக்குள் வரமுடியாதபடி ஏதோ ஒன்று அடைத்திருந்தது. நாலு சொட்டு எண்ணிய பிள்ளை நான். 2022 வரிசைகளில் கானோடு நின்றபோது அது இன்னும் இறுகியிருக்கும். கராஜுக்கு மூன்று தரம் கொடுத்த காசில் அந்தச் சோதனையைப் பல தரம் செய்திருக்கலாம். அந்தக் கணக்கைக்கூட நான் போடவில்லை.

ஆனால் எண்ணச் சொல்லித் தந்தவர் அவர்தானே. அவருக்கு எப்படி வந்தது? தடைக்காலத்து ஆட்களின் கெட்டித்தனம் என்று இதைப் பாட எனக்கு விருப்பமில்லை. அந்தக் கெட்டித்தனத்தில் கரி பிடித்துச் செத்த எஞ்சின்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன், அவருடைய வண்டியும் அதில் ஒன்று. ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்த வண்டி சும்மா சும்மா நிக்கும். எண்ணெய்யிலையோ வண்டியிலையோ பிழை எண்டு தெரியாது. ஒரு அரை லீற்றர் பெற்றோல் இருந்தால் ஊத்தி ஓடிப் பாத்தால் தெரிஞ்சுபோம் எண்டு ஒவ்வொரு நாளும் நினைப்பன். எங்கை இருந்தது?" என்றார். பிறகு கோப்பையைக் கழுவ எழும்பிவிட்டார்.

ரியூப்பைக் கீறிய ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமையே அதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு கராஜுக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் கட்டினேன். அங்கே போய் நின்றதும், "தம்பி, இதைப் பாரும்" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. அவன் கையை ஒயில் துணியில் துடைத்துவிட்டு வாங்கி, உள்தோலுக்கும் வெளித்தோலுக்கும் நடுவில் சின்ன விரலை விட்டுப் பார்த்தான். நான் கடலில் நடந்ததைச் சொன்னேன். "அண்டைக்கு நான் போனிலை கதைச்சது பிழை" என்றும் சொன்னேன், கொஞ்சம் அவசரமாக. "பரவாயில்லை" என்றான். ரியூப்பைத் திருப்பித் தரவில்லை. சுவரில் பெல்ற்றுகள் தொங்குகிற ஆணியில் அதையும் கொழுவினான். இப்போதும் அங்கேதான் தொங்குகிறது. எஞ்சின் கொண்டுவருகிறவர்களிடம், "தாங்கியும் ரியூப்பும் எங்கை? அதையும் கொண்டு வாங்கோ" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறான் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதமும் எஞ்சினை அவனிடம்தான் கொண்டுபோனேன், வருஷத்துப் பராமரிப்பு. இந்தத் தரம் தாங்கியோடும் ரியூப்போடும். பிளக்கைக் கழட்டி வாசல் வெளிச்சத்தில் பிடித்தான். பிளேன்ரீ நிறம். "நல்லாக் கிடக்கு, சேர்" என்றான். அந்தத் தொலைபேசிக்குப் பிறகு அவன் என்னை அண்ணை என்று கூப்பிட்டதில்லை.